ஒண்ணாம் நம்பர் எந்தப் பக்கம்

பட்டறையில் அவருக்கு மில்லி என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, சாயங்காலமானால் தண்ணி போடுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரோ தேநீரைக்கூட அரை டம்ளருக்கு மேல் குடிக்காத மனிதர். எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்வதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. "மழை பெஞ்சா மட்டும்தான்யா இவர் பேசுறது மத்தவங்களுக்கும் புரியும்" என்பான், பக்கத்துக் கொட்டகையில் தகடு தட்டுகிற டிங்கர்.

அந்த மில்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, ஐம்பது பேர் காதில் விழும்படியாகத் தன் கூடப்பிறந்த தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்.

மலைப்பாதையில் கார்களை ஒவ்வொன்றாக மேலே விரட்டி, யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்கள் என்று பார்க்கும் போட்டி அது. தங்கை ஓட்டியது ஒரு பல் டாக்டருடைய கார். வாரத்தில் ஆறு நாள் பல் பிடுங்கிவிட்டு, ஏழாவது நாள் தன் கார் மலையேறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர் டாக்டர். தங்கை வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேன் ஓட்டுகிறாள். முப்பத்திரண்டு வயது. மூன்று வருடமாக டாக்டரின் காரை அவள்தான் ஓட்டுகிறாள். மூன்று வருடமாக அதன் இன்ஜினை மில்லிதான் பிரிக்கிறார், பூட்டுகிறார். அன்றைக்கு ஓடிய இன்ஜின், பத்தே நாளைக்கு முன் அவர் கையால் முழுக்கப் பிரித்துப் பூட்டியது.

மூன்றாவது வளைவுக்கு மேலே ஒரு கல்சுவர் இருக்கிறது. மில்லி எப்போதும் அதன் பின்னால்தான் நிற்பார். கார் கண்ணில் படாது, சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். அன்றும் நின்றார். தங்கை வளைவை விட்டு வெளியே வந்து மூன்றிலிருந்து நாலாவது கியருக்கு மாறினாள். மாறிய அடுத்த நொடி, பித்தளைக் குடத்துக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம். அதோடு இன்ஜின் நின்றுவிட்டது.

அவர் மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்வதற்குள் டாக்டர், டாக்டரின் மச்சான், கொடி பிடிக்கிறவர்கள், மற்ற அணிகளின் மெக்கானிக்குகள் என்று காரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. தங்கை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: "என்ன மில்லி, புது வேலைன்னு சொன்னீங்க. பத்து நாளுகூடத் தாங்கலையே?"

அவ்வளவு பேரும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள். இன்ஜின் மூடியைக்கூட அவர் இன்னும் திறக்கவில்லை. மூடி திறப்பதற்கு முன் வாய் திறந்துகொண்டது.

"இன்ஜின்ல ஒண்ணுமில்ல. கியர் தப்பு. நாலு போடுறதுக்குப் பதிலா ரெண்டு விழுந்திருக்கு. வேகமா போற காரு இன்ஜினை அதோட எல்லைக்கு மேல தூக்கிச் சுத்திடுச்சு. எந்த இன்ஜின் தாங்கும்?"

அது நடக்கக்கூடிய தப்புதான். இரண்டாவதும் நாலாவதும் பின்பக்கமாக இழுத்துப் போடுகிற கியர்கள். கை ஒரு விரற்கடை நகர்ந்தால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று விழும். இன்ஜின் பத்தாயிரம் சுற்று, பதினோராயிரம் சுற்று என்று அலறும், உள்ளே வால்வுகள் பிஸ்டனில் போய் முட்டும். அந்தப் பழைய காரில் எதையும் பதிவு செய்து வைக்கிற கருவி கிடையாது. ஓட்டினவளின் வாய்ச்சொல் ஒன்று, மெக்கானிக்கின் வாய்ச்சொல் ஒன்று, அவ்வளவுதான் சாட்சி.

"நாலுதானே போட்டேன்..." என்றாள் தங்கை. பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

"மில்லி சொன்னா அப்புறம் அப்பீல் ஏதும்மா?" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை, பல் பிடுங்குமுன் நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார். "நீ கொஞ்சம் ஓய்வு எடு. கடைசிப் போட்டிக்கு மச்சான் ஓட்டட்டும்."

கடைசிப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. தங்கை தலையை ஆட்டினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தன் உள்ளங்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

திங்கட்கிழமை காலையில் மில்லி வேலையைத் தொடங்கினார். என்னதான் ஆனாலும் வேலையில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். இரண்டு, மூன்று, நாலு ஆகிய மூன்றிலும் முள் ஒழுங்காக ஏறியது. ஒன்றாம் சிலிண்டரில் முள் அசையவே இல்லை. அடுத்தபடியாக, அந்தச் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டு எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்டார். கார்புரேட்டர் வாயில் உஸ்ஸென்று வந்தது. ஆகவே காற்று உள்ளே வருகிற வால்வு மூடவில்லை.

அங்கேயே அவர் மனதில் ஏதோ இடறியது. கியர் தப்பி இன்ஜின் எல்லை மீறிச் சுற்றியிருந்தால் நாலு சிலிண்டரும் அல்லவா அடி வாங்கியிருக்க வேண்டும்? ஒன்று மட்டும் படுத்துக்கொண்டு மற்ற மூன்றும் சொகுசாக இருக்குமா? "ஒண்ணு முந்திக்கிச்சு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அன்றைக்குக் கொட்டகையைப் பூட்டினார்.

செவ்வாய்க்கிழமை இன்ஜினைக் காரிலிருந்து இறக்கி, அதன் மேல் மூடியைக் கழற்றினார். ஒன்றாம் சிலிண்டரின் உள்வால்வு ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. சிலிண்டர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஹெட்டைத் தூக்கினார். ஒன்றாம் பிஸ்டனின் தலையில் பிறை மாதிரி ஒரு தழும்பு. வளைந்த வால்வு முட்டிய இடம். இரண்டாம் பிஸ்டனைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. மூன்று சுத்தம். நாலும் சுத்தம்.

அவர் ஒரு துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அந்த மூன்று பிஸ்டன்களையும் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். டார்ச் அடித்து, சாய்த்துப் பார்த்தார். ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும் என்றிருந்தது. மூன்றாவது தடவை துடைக்கும்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தப்பு தங்கை மேல்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வம்பு என்று ஒரு அண்ணன்காரன் விழுந்து விழுந்து தேடிக்கொண்டிருக்கிறான். துணியைக் கீழே போட்டார்.

உடைந்த ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில், ஒன்றையொன்று பார்க்கிற பக்கங்கள், கண்ணாடிபோல் பளபளத்தன. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் சுருள்கள் ஒன்றோடொன்று தொடக் கூடாது, ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். தொட்டால் அதன் பிறகு அது ஸ்பிரிங் அல்ல, இரும்புக் கட்டை. வால்வைத் தள்ளித் திறக்கிற கேம் அதை மேலே இருந்து அடித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று உடைந்துதான் ஆகும். இந்த ஸ்பிரிங்கின் சுருள்கள் தொட்டிருந்தன. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஆயிரக்கணக்கான தடவை. கியர் ஒரு தடவை தப்பினால் இப்படிப் பளபளப்பு வராது.

ஸ்பிரிங்குக்கு அடியில் ஷிம் என்று ஒரு மெல்லிய வளையம் இருக்கும். ஸ்பிரிங் எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கனம். மில்லி அந்த வளையத்தை எடுத்து வெர்னியர் அளவுக்கருவியில் பிடித்தார். ஒன்று புள்ளி ஐந்து. அங்கே இருக்க வேண்டியது புள்ளி ஐந்து. ஒரு மில்லி கூடுதல்; அந்த அளவுக்கு ஸ்பிரிங் எப்போதும் அமுங்கியே இருந்திருக்கிறது.

கை வெர்னியரோடு நாலாம் சிலிண்டருக்குப் போனது. அங்கே ஒன்று புள்ளி ஐந்து இருக்க வேண்டும். புள்ளி ஐந்து இருந்தது.

எல்லாம் தலைகீழாக இருந்தது. கடைசியில் போக வேண்டியது முதலில், முதலில் போக வேண்டியது கடைசியில்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இன்ஜினைப் பூட்டிய நாள் அப்படியே கண்ணுக்கு வந்தது. ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, எந்த ஷிம் எந்த இடத்துக்கு என்று வரிசையாகச் செருகி மேசையில் வைத்திருந்தார். அது இருபத்தைந்து வருடப் பழக்கம். வேன் வேலை முடிந்து வந்திருந்த தங்கை அந்த அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணே, இதுல ஒண்ணாம் நம்பர் எந்தப் பக்கம்னு எழுதவே இல்லையே. ஒரு அம்புக்குறி போட்டு வைக்கவா?"

"உன் வேன்ல வர்ற புள்ளைங்களுக்குப் போடு அம்புக்குறி. எனக்கு எதுக்கு? என் கைக்குத் தெரியும்."

தங்கை சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர் சாப்பிடப் போனார். அந்த நேரத்தில் டிங்கர் ஒரு கார்க் கதவைக் கொண்டுவந்து, மேசையில் இடம் வேண்டும் என்று அட்டையை எடுத்து ஓரத்தில் வைத்தான். வைக்கும்போது முன் பின்னாகத் திரும்பியிருக்கிறது. அவர் வந்து, மேசையில் கதவும் ஓரத்தில் அட்டையும் இருப்பதைப் பார்த்து, வரிசைப்படி எடுத்து எடுத்துப் போட்டார். போட்ட பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங்கின் உயரத்தையும் மறுபடி அளக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அளவு சொல்கிற மனிதர் அன்றைக்கு அளக்கவில்லை. அட்டையில் இருக்கிறதே, நான் வைத்ததுதானே என்று விட்டுவிட்டார்.

அப்போது கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் கழித்து, டக்.

எட்டிப் பார்த்தார். இன்ஜின் இல்லாத காருக்குள் தங்கை உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள். யூனிபார்ம் சட்டையைக்கூட மாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கியர் மாற்றிக்கொண்டிருந்தாள். மூன்று, நாலு. மூன்று, நாலு. ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து, கம்பி எந்தக் குழியில் விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் விழுந்திருந்தது. அப்படியும் அவள் முகம் தெளியவில்லை.

மில்லி சத்தமில்லாமல் திரும்பி வந்தார். உடைந்த ஸ்பிரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அட்டையை எடுத்து, ஸ்பேனர் இழுப்பறையில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார். 

புதன்கிழமை டாக்டர் போன் செய்தார். "பிரிச்சீங்களா மில்லி? என்னதான் ஆச்சு?"

சொல்லியிருக்கலாம். வாக்கியம்கூடத் தயாராகத்தான் இருந்தது. டாக்டர் பின்னால் யாரோ நோயாளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு 'ஆ' என்று முனகுவது போனில் கேட்டது.

"பாத்தேன் டாக்டர். நான் சொன்னதுதான். இன்ஜின் எல்லை மீறிச் சுத்தியிருக்கு."

முதல் தடவை சொன்னது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்னது. போனை வைத்த பிறகு, டிங்கர் மேல் போட்டுவிடலாமா என்றும் ஒரு எண்ணம் வந்தது. அட்டையைத் திருப்பினது அவன்தானே? கதவை வைக்க வேறு இடமா இல்லை? அந்த எண்ணம் வந்த சமயத்தில் டிங்கர் எதிரிலேயே நின்று, "என்ன மில்லி, மூஞ்சி புளி கரைச்ச மாதிரி இருக்கு? வயித்துக்கு ஏதும் ஆகலையா?" என்று கேட்டான். மில்லியால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டில் மனைவி தட்டில் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "உங்க தங்கச்சி சரியா சாப்பிடுறதே இல்லையாம். ஒரு வார்த்தை ஆறுதலா சொன்னா என்ன? தப்பு செய்யாத மனுஷன் யாரு?"

"ம்" என்றார். சட்டைப் பையில் ஸ்பிரிங் துண்டு நெஞ்சில் குத்தியது. எடுத்து வேறிடத்தில் வைக்கலாம் என்றால், எடுக்கும்போது அவள் பார்த்துவிடுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் தங்கை ஒரு தாளோடு கொட்டகைக்கு வந்தாள்.

"அண்ணே, ஒரு லெட்டர் எழுதியிருக்கேன். நீ எழுதுற மாதிரி ஒழுங்கா வரல. பிழை இருந்தா பாத்துக் குடு."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பள்ளிக்கூட மேலாளருக்கு எழுதின கடிதம். குண்டு குண்டான எழுத்து.

'...வாகனம் ஓட்டும்போது எனக்கே தெரியாமல் என் கை தவறுகிறது என்பதை என் அண்ணன் கவனித்துச் சொன்னார். அவர் இத்துறையில் இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். எனவே குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி, நரம்பு மருத்துவரிடம் காட்டி முடிவு தெரியும் வரை வேன் ஓட்டும் பணியிலிருந்து என்னை விடுவிக்குமாறு...'

அதற்கு மேல் எழுத்து கலங்கியது. ஒரு பிழையும் இல்லை. அண்ணன் என்று வந்த இடம் ஒன்றைத் தவிர.

"ரேஸ் போனா போகுதுண்ணே" என்றாள் தங்கை. "அதுல நான் ஒருத்திதான். வேன்ல இருபத்திரண்டு புள்ளைங்க. நாலு போட்டேன்னு இன்னிக்கும் எனக்குத் தோணுது. போட்டது ரெண்டுன்னா, அப்போ எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

மில்லி ஸ்பேனர் இழுப்பறையைத் திறந்தார். செய்தித்தாளைத் தூக்கினார். அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்பிரிங் துண்டுகளை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகல. நீ போட்டது நாலுதான். தப்பு என்னோடது." எங்கோ தூரத்தில் யாரோ பேசுவதுபோல் அவர் குரல் அவருக்கே கேட்டது. "அட்டை திரும்பி இருந்திருக்கு. நான் பாக்கல. ஒண்ணாம் நம்பர்ல நாலாம் நம்பரோட ஷிம்மைப் போட்டுட்டேன். பூட்டின பிறகு அளக்கவும் இல்ல."

அவள் ஸ்பிரிங் துண்டை எடுத்துப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். அம்புக்குறி இல்லாத அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

அந்தக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை."

"நான் பின்னாடி கார்ல உக்காந்திருந்தேனே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா."

"டாக்டர்கிட்ட?"

"நேத்து கேட்டார். உன் மேலதான் சொன்னேன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள்.

"இதை நான் நேத்தே குடுத்திருப்பேன். மேனேஜர் நேத்து லீவு. அதனாலதான் இன்னிக்கு உங்ககிட்ட காட்ட முடிஞ்சுது."

'உங்ககிட்ட' என்றாள். பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீ' என்று கூப்பிட்ட வாய். 

"நான் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். இப்பவே போன் பண்றேன்."

"போன்ல வேணாம். நேர்ல சொல்லுங்க. அப்புறம் மலையில எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களோ, அத்தனை பேர் முன்னாடியும் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டரும் மச்சானும் கொட்டகைக்கு வந்தார்கள். டிங்கரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார் மில்லி. தங்கை கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மில்லி வரிசை மாறாமல் சொன்னார்: பிஸ்டன், ஸ்பிரிங், ஷிம், அட்டை. கடைசியில் புதன்கிழமை போனில் சொன்ன பொய்யையும் சொன்னார். அட்டையைத் திருப்பி வைத்தது டிங்கர் என்பதை மட்டும் சொல்லவில்லை. டிங்கரே வாயைத் திறந்தான்.

"அய்யய்யோ. அந்த அட்டையை எடுத்து வச்சது நான்தானே மில்லி? கதவு வைக்க..."

"நீ மேசையைக் காலி பண்ணே. அளக்காம விட்டது நான்."

டாக்டர் உடைந்த ஸ்பிரிங்கை, பிடுங்கின பல்லைப் பார்ப்பதுபோலக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். 

"தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு தடவை எக்ஸ்ரேவைத் திருப்பிப் பிடிச்சுப் பாத்துட்டேன் மில்லி. கெட்ட பல்லு வலது பக்கம். நான் இடது பக்கம் நல்ல பல்லைப் புடுங்கிட்டேன்."

"அந்தாள் சும்மா விட்டாரா?" என்றான் டிங்கர்.

"ரெண்டு பல்லுமே கெட்டுப்போச்சுன்னு சொல்லி, அதையும் புடுங்கினேன். அந்தாள் இன்னிக்கும் எங்க பாத்தாலும் கும்பிடுறார். அவர் கும்பிட்ட அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது." ஸ்பிரிங்கை மேசையில் வைத்தார். "நீங்க ரெண்டே நாள்ல சொல்லிட்டீங்க. பரவால்லன்னு நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்ல." தங்கையைப் பார்த்தார். "அம்மா, நானும் உன்னை ஒரு வார்த்தை கேக்காம இறக்கி விட்டுட்டேன். கடைசிப் போட்டிக்கு நீதான் ஓட்டணும்."

"அப்போ நான் வாங்கின புது ஷூ?" என்றான் மச்சான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்ததும், "இல்ல, நல்லதுதான். அந்த மூணாவது வளைவை நெனைச்சு ஒரு வாரமா எனக்கு வயித்தைக் கலக்குது" என்றான்.

டிங்கர் சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை.

"ஓட்டுறேன் டாக்டர். ஆனா பூட்டும்போது நான் அளப்பேன். நான் அளந்து சொன்ன பிறகுதான் ஒவ்வொண்ணும் உள்ள போகணும்."

டாக்டர் மில்லியைப் பார்த்தார். மில்லி தலையைக் குனிந்தபடியே, "சரி" என்றார்.

புது வால்வு வந்தது. எட்டு ஸ்பிரிங்குகளையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. மில்லி வால்வு உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தார். பிஸ்டனில் இருந்த பிறைத் தழும்பின் கூர்மையை உப்புத்தாளால் மழுக்கினார். அடுத்த சனிக்கிழமை ஹெட்டைப் பூட்டும் நாள். தங்கை வெர்னியரோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு புது அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, முன்பக்கம் என்று பெரிதாக எழுதி, அடியில் ஒரு அம்புக்குறியும் போட்டு வைத்திருந்தார் மில்லி. அவள் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

முதல் ஷிம்மை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணாம் நம்பர் எந்தப் பக்கம், மெக்கானிக்?"

அண்ணே என்று வரவில்லை. டிங்கர் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"முன்பக்கம்."

அளந்தாள். "புள்ளி அஞ்சு. போடுங்க."

இரண்டாவதை நீட்டினார். மறுபடியும் அதே கேள்வி. எட்டு ஷிம்முக்கும் எட்டுத் தடவை கேட்டாள். குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்களா என்று தலை எண்ணுகிறவளின் குரல். எட்டுத் தடவையும் அவர் பதில் சொன்னார். பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங்காக முழுக்க அமுக்கி, சுருள்களுக்கு நடுவில் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தார்கள். எல்லாவற்றிலும் சரியாக ஒரு மில்லிமீட்டர். தானும் ஒருமுறை அளக்கலாமா என்று அவர் கேட்டார். "அளங்க" என்றாள். அளந்தார். அதேதான்.

கடைசிப் போட்டி நாளன்று காலை, ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் ஒன்றாக நிற்கவைத்து விதிகளைப் படிப்பார்கள். படித்து முடித்ததும் மில்லி கையை உயர்த்தினார். போன போட்டியன்று யார் யார் இருந்தார்களோ, கிட்டத்தட்ட அத்தனை பேரும் இருந்தார்கள். அவர் சொன்னது நாலே வாக்கியம். இரண்டாவது வாக்கியத்தில் வார்த்தை மாறிவிட்டது. கனைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி சொன்னார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். போன தடவை கேள்வி கேட்டவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கை ஹெல்மெட்டை மாட்டியிருந்ததால் அவள் முகம் யாருக்கும் தெரியவில்லை.

காரில் அவளை உட்கார வைத்து, அவர் பெல்ட்டை இறுக்கும்போது அவள் கேட்டாள்:

"ஒண்ணாம் நம்பர் எந்தப் பக்கம்?"

"முன்பக்கம்."

"இன்ஜின் சத்தத்துல கேக்கல. உரக்கச் சொல்லுங்க."

"முன்பக்கம்!"

பக்கத்துக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

மில்லி கல்சுவருக்குப் பின்னால் போய் நின்றார். கீழே இன்ஜின் உறுமியது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவதற்குள் நுழைந்து வெளியே வந்தாள். மூன்றாவது கியர் ஏறி, ஏறி, உச்சத்துக்குப் போனது. ஒரு நொடி சத்தம் அறுந்தது. பிறகு ஒரு படி கீழே இறங்கி, நாலாவது கியரில், கனமாக, நிதானமாக மறுபடி ஏறத் தொடங்கியது. அலறல் இல்லை. தடுமாற்றம் இல்லை. கார் மேலே போய்விட்டது. அடுத்த வளைவுக்கு அப்பால் சத்தம் தேய்ந்தது.

மில்லி சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

அன்றைக்கும் அவர் இதே இடத்தில்தான் நின்றார். அன்றைக்கும் இதே சத்தம்தான் கேட்டது. உச்சம், ஒரு நொடி மௌனம், ஒரு படி இறங்கி நாலாவது கியர். அதற்குப் பிறகுதான் ஆணி குலுங்கிய சத்தம். இரண்டாவது கியர் விழுந்திருந்தால் இன்ஜின் இந்த மலையே கிடுகிடுக்க அலறியிருக்கும். அலறவில்லை என்பது அவர் காதுக்கு அப்போதே தெரியும். ஐம்பது பேர் முன்னால் நின்று வாயைத் திறந்தபோதும் தெரியும். தெரியாமல் சொன்னது என்று முதல் பொய்யை இத்தனை நாளாகத் தனியே ஒதுக்கி வைத்திருந்தாரே, அதுவும் தெரிந்தே சொன்னதுதான்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே இன்றைக்குத்தான் சொல்லிக்கொள்கிறார். சொல்லாவிட்டால் கேட்பதற்கும் ஆளில்லை. அவருடைய காதுக்குள் இருந்ததை எந்த வெர்னியர் அளக்கும்?

மேலே ஒலிபெருக்கியில் நேரம் சொன்னார்கள். அவளுடைய மிகச் சிறந்த நேரம். டாக்டர் எங்கிருந்தோ விசில் அடிப்பது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கார் மெதுவாக இறங்கி வந்து, கல்சுவரைத் தாண்டி, அடிவாரத்தில் போய் நின்றது. மில்லி சுவரைச் சுற்றிக்கொண்டு பாதைக்கு இறங்கினார். டாக்டரும் டிங்கரும் மச்சானும் காரைச் சூழ்ந்துகொண்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கூட்டத்துக்கு மேலாக, இறங்கி வருகிற அவரைப் பார்த்தாள்.

"என்ன மெக்கானிக், இன்ஜின் எப்படிக் கேட்டுச்சு?"

"அதைப் பத்தித்தான்" என்றார் மில்லி. நிற்காமல் நடந்தார். "நீ கொஞ்சம் இப்படி வா. உன்கிட்ட இன்னொண்ணு சொல்லணும்."